ஸ்டிக்கர் சார்

“நாயைக் கட்டியாச்சுங்களா?”

கேட்டுக்கு வெளியே மொபெட்டை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தினமும் காலையில் அவர் கேட்கும் கேள்வி இது. வாட்ச்மேன் உள்ளேயிருந்து “கட்டியாச்சுங்க சார், வாங்க” என்று குரல் கொடுத்த பிறகுதான் வண்டி உள்ளே வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் கம்பெனி நாய் செத்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. அவருக்கும் அது தெரியும். புதைத்த அன்று கூடவே நின்று, “பாவம்ங்க, வாயில்லாத ஜீவன்” என்று கண் கலங்கியவரே அவர்தான். “அப்புறம் எதுக்கு சார் தெனமும் கேக்கறீங்க?” என்றேன் ஒருநாள். “புதுசா ஒண்ணு வந்திருந்துதுன்னா, அம்மிணி?” என்றார்.

அப்படி ஒரு பயந்த மனுஷனை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

எங்கள் கம்பெனி என்றால் ஒயின் கம்பெனி. புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, வரிசையாகக் கோழிப்பண்ணைகளைத் தாண்டிப் போனால் வரும். திராட்சை தேனிப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். கல்யாணம் காட்சியில் யாராவது விசாரித்தால் என் மாமியார், “மருமக ஜூஸ் கம்பெனியில இருக்கறா” என்று சொல்லிவிடுவார். பழத்தைப் பிழிவது நிஜம்தானே. பிழிந்த பிறகு அது என்னவாகிறது என்பது அவருக்குத் தேவையில்லாத சமாச்சாரம்.

தினமும் நாயை விசாரிக்கிற அவர் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. அரசாங்கம் எங்களைக் கண்காணிக்க உட்காரவைத்த எக்சைஸ் அதிகாரி. ஒயின் பாட்டில் கேட்டைத் தாண்ட வேண்டுமானால், மூடியிலிருந்து கழுத்துவரைக்கும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் மினுமினுக்கும். அரசாங்கத்துக்கு வரி கட்டியாகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. மூடியைத் திருகினால் கிழிந்துபோகும்; எடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது. அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று வெளியே போனால் போதும், போலிச் சரக்கு தயாரிக்கிறவனுக்குக் கொண்டாட்டம்தான். அதனால் ஸ்டிக்கர் அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும், ஒட்டுகிற பெண்களுக்கு வேலையும் நடக்கும். அவருக்கு ‘ஸ்டிக்கர் சார்’ என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அவர் தன்னுடைய சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். காலையில் பூட்டைத் திறக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குனிந்து நெளிவார். நான் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “சார், சாவி கெடைச்சுதுங்களா, நாங்க வந்து தேடட்டுங்களா?” என்று பெண்கள் கத்துவார்கள். அவர் காதெல்லாம் சிவந்துவிடும்.

ஒருநாள் அவர் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த டிபன் கேரியரைக் கொடுக்க அவர் மனைவி வந்தார். அயோத்தியாப்பட்டணத்துக்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர். “வீட்ல எலி செத்துக் கிடந்தாக்கூட நான்தான்மா எடுத்துப் போடணும். இவரு கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு, ‘போயிடுச்சா, போயிடுச்சா’ன்னு கேப்பாரு. செத்த எலி எங்கம்மா போவும்?” என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தன்னைப் பற்றிய கேலிக்குக் கோபித்துக்கொள்ளக்கூட அவருக்குப் பயம் என்று நான் அப்போது நினைத்தேன்.

மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற பெரிய டார்ச் லைட் ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும், பட்டப்பகலிலும்.

“பகல்ல எதுக்கு சார்?”

“கரண்டு போயிருச்சுன்னா?”

“பகல்ல கரண்டு போனா இருட்டாயிருமுங்களா?”

கொஞ்சம் யோசித்தார். “மேகம் கட்டிருச்சுன்னா, அம்மிணி?”

அந்த டார்ச்சுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரை மலைமேல், கர்நாடக எல்லையில் ஒரு செக்போஸ்டில் போட்டிருந்தார்கள். சுற்றிலும் காடு. ஒரு யானை அவருடைய அறைச் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றதாம். உள்ளே இவர் மூச்சைக்கூட விடாமல் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தாராம். “என்ன தண்டனை வேணாலும் குடுக்கட்டும் அம்மிணி. அந்த மலைக்கு மட்டும் மறுபடி அனுப்பிட்டாங்கன்னா என்ர உசுரு அங்கயே போயிரும்” என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் கை தானாக டார்ச்சைத் தடவும்.

ஆனால் அவருடைய பயத்தோடு மோதி ஜெயிக்க முடியாது என்பதை லேபிள் விஷயத்தில்தான் முதலில் தெரிந்துகொண்டோம். முதலாளியின் மாப்பிள்ளை பெங்களூரில் படித்தவர். புதிதாக ஒரு லேபிள் வரைந்து கொண்டுவந்தார். நடுவில் பெரிய திராட்சைக் கொத்து, தங்க நிறத்தில் பெயர். மது உடம்புக்குக் கேடு என்கிற எச்சரிக்கை மட்டும் கீழ் மூலையில் எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்தது. எழுத்து இவ்வளவு உயரம் இருக்க வேண்டும், எத்தனை சதவீதம் ஆல்கஹால், எந்த பேட்ச், எந்தத் தேதி, எங்கே தயாரித்தது எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சட்டம். லேபிளில் ஸ்டிக்கர் சார் கையெழுத்துப் போட்டால்தான் மேலே அனுப்ப முடியும்.

மாப்பிள்ளையிடம் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்குப் பயம். ஸ்கேலை எடுத்து அந்த எழுத்தின் மேல் வைத்தார். எடுத்தார். வேர்வையைத் துடைத்தார். மறுபடி வைத்தார்.

“நல்லா இருக்குதுங்க.”

“அப்ப சைன் பண்ணுங்க சார்.”

“பண்ணிரலாமுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போனவர் வரவே இல்லை. மறுநாளும் ஸ்கேல் வந்தது, கையெழுத்து வரவில்லை. அதற்கடுத்து ஜுரம் என்று லீவு போட்டார். நிஜமாகவே ஜுரம்தான், பயத்தில் வந்த ஜுரம். திரும்பி வந்த அன்று மாப்பிள்ளை மேஜையைத் தட்டிக் கத்தினார். “என்னதான் சார் உங்க பிரச்சினை?”

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “எழுத்து பொடிசா இருக்குதுங்க” என்றார்.

“இதையெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க?”

“நான் படிக்கறனுங்க.”

அது பொய்யில்லை. ராசிபுரத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்டிக்கர் சாரும் வந்திருந்தார். பந்தியில் எல்லோரும் பாயசத்துக்குப் போய்விட்டார்கள். அவர் இன்னும் தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் திருப்பித் தேதியைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் எங்கள் லேபிளில் எழுத்து பெரிதானது, திராட்சைக் கொத்து சிறுத்துப்போனது.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் வாங்கி வைத்தோம். ஸ்டிக்கர் ஒட்டும் பெண்களில் மூத்தவர் பழனியம்மாக்கா. தினக்கூலிக்கு வருகிறவர்தான், ஆனால் பூஜை என்றால் அவர் கைதான் முன்னால் நிற்கும். சந்தனக் கிண்ணத்தோடு மூடி போடும் மெஷினுக்கு, எடை மெஷினுக்கு, மூலையில் கிடந்த விளக்குமாற்றுக்குக்கூடப் பொட்டு வைத்துவிட்டு ஸ்டிக்கர் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க சார், இந்த ரூமுக்குப் பொட்டு வேண்டாமுங்களா? நமக்குச் சோறு போடறதே அந்த ஸ்டிக்கருதானுங்க. அது இல்லாத போனா ஒத்தப் பாட்டலு கேட்டத் தாண்டுமுங்களா?”

சொன்னதில் என்ன தப்பு? நான் என் பூட்டைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து முதலாளி குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார், ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள், நான் போய்விட்டேன். பிறகு நடந்ததை அவரும் பழனியம்மாக்காவும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

சாவி வைத்திருக்கிற எங்களைத் தவிர வேறு யாரும் உள்ளே போகக்கூடாது என்பது சட்டம். பொட்டு வைக்காமல் விட்டால் சாமி குத்தம். போன வருஷம் வைக்காமல் விட்டதும், அந்த வாரமே அவர் மொபெட்டோடு சறுக்கி விழுந்ததும் ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டு பயத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். சாமி ஜெயித்துவிட்டது. “உள்ள வாங்க” என்று கூப்பிட்டுவிட்டார். பழனியம்மாக்கா அட்டைப்பெட்டி மேல் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இவருக்கு மனசு ஆறவில்லை. “பெட்டிக்கு வெச்சாப் போதுமுங்களா? உள்ள இருக்கறதுக்குத்தானே வெக்கோணும்?” என்று தானே பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அரைகுறையாகச் செய்தால் சாமி கோபித்துக்கொள்ளுமே! பழனியம்மாக்காவுக்குச் சொல்லவா வேண்டும்? ஒவ்வொரு சுருளுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கிண்ணத்தில் மிச்சமிருந்த பன்னீரையும் தாராளமாகத் தெளித்துவிட்டார். கும்பிட்டார்கள். பெட்டியை மூடினார்கள். நான் வந்து பூட்டினேன்.

லீவெல்லாம் முடிந்து கதவைத் திறந்தபோது கோயிலுக்குள் நுழைந்த மாதிரி கமகமவென்று வாசம். பெட்டியைப் பிரித்தால், பன்னீரும் சந்தனமும் சுருளுக்குள் இறங்கி, குங்குமச் சாயம் ஏறி, ஸ்டிக்கரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. உரித்து எடுத்த ஒன்றை நம்பர் படிக்கும் ஸ்கேனரில் காட்டினேன். படிக்க மாட்டேன் என்று கீச்சென்று கத்தியது. இன்னொன்றைக் காட்டினேன். அதுவும் அப்படியே. ஸ்டிக்கர் சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் நம்பர் உண்டு, மறைக்க முடியாது. மேலே தகவல் போனது. விசாரணைக்குச் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகப் பதில் வந்தது.

முதலாளி எனக்குத் தூரத்து மாமா முறை. எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “அந்தப் பொம்பள தானா உள்ள பூந்துட்டான்னு சொல்லிரலாம். ஸ்டிக்கர எடுக்கப் போனவ, சந்தனத்தக் கொட்டீட்டான்னு முடிச்சுருவோம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ரெண்டு பூட்டுப் போட்ட ரூமுக்குள்ள தானா எப்படிங்க மாமா பூருவாங்க? பூட்டத் தொறந்தவ நானு.”

“நீ சும்மா இரு அம்மிணி. லைசென்சு போச்சுன்னா இங்க இருக்கற அத்தன பேரு பொழப்பும் போச்சு.” பிறகு அவர் பக்கம் திரும்பினார். “என்னுங்க சார்? உங்களுக்குந்தான் நல்லது. உள்ள உட்டது நீங்கன்னு தெரிஞ்சா நேரா மலைக்குத்தான் அனுப்புவாங்க. யானையெல்லாம் சௌக்கியமா இருக்குதாமா.”

ஸ்டிக்கர் சார் டார்ச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “சரிங்க” என்றார்.

எது சொன்னாலும் ‘சரிங்க’ என்கிற மனுஷன்தான். ஆனாலும் அந்தச் ‘சரிங்க’வை என்னால் மன்னிக்க முடியவில்லை. சீ, இதுவும் ஒரு ஆம்பளையா என்று தோன்றியது. நான் போய் நடந்ததைப் பழனியம்மாக்காவிடம் சொல்லிவிட்டேன். பாட்டில் கழுவும் குழாயடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

“வேல போனாப் போகுது சாமி. எங்கயாச்சும் தறிக்குப் போயிக்குவேன். ஸ்டிக்கர் திருடின்னு பேரு வந்துருச்சுன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்? எம்புள்ளைய எவன் வந்து பொண்ணு கேப்பான்? சாமிக்குத்தானே வெச்சேன்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கமாக வந்த ஸ்டிக்கர் சார் எங்களைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனார்.

விசாரணைக்கு முந்தின நாட்களில் அவருக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. “தூக்கமே வரமாட்டீங்குது அம்மிணி” என்றார்.

“எப்படிங்க வரும்?” என்று சொல்லிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விசாரணை நாள் காலையில் மொபெட் நேராக உள்ளே வந்துவிட்டது. கேட்டில் நிற்கவில்லை, நாயைப் பற்றிக் கேட்கவில்லை. வாட்ச்மேன் என்னிடம் ஓடிவந்து, “சாருக்கு ஒடம்புகிடம்பு செரியில்லீங்களா?” என்று கேட்டான்.

பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பாதி முகத்தை மூடிய மீசை. முதலாளி சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னார். மூலையில் பழனியம்மாக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன், முதலாளி முறைத்தார். அதிகாரி ஸ்டிக்கர் சாரைக் கூப்பிட்டார்.

“ஏன்யா, இந்தம்மா தானா உள்ள போச்சா?”

அவர் எழுந்தார். கை பட்டு மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்து பைல் எல்லாம் நனைந்தது. அதைத் துடைக்கப் போனார். “விடுய்யா அதை, பதில் சொல்லு” என்று அதிகாரி அதட்டினார்.

“இல்லீங்க ஐயா. நாந்தான் கூப்புட்டேனுங்க.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“அவங்க பெட்டிக்குத்தானுங்க வெச்சாங்க. நாந்தான் பிரிச்சுக் குடுத்து உள்ள வெக்கச் சொன்னேனுங்க. ஸ்டோர் அம்மிணி பூட்டத் தொறந்துட்டுப் போயிட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சாமி குத்தமாயிருமோன்னு பயந்துட்டேனுங்க ஐயா.”

“முதலாளி வேற மாதிரி சொல்றாரே?”

“எங்கிட்டயும் அப்படித்தானுங்க சொல்லச் சொன்னாங்க. சரின்னுட்டேனுங்க. ஆனா பொய் சொல்லப் பயமா இருக்குதுங்க.”

“உண்மையச் சொல்லப் பயமில்லையா உனக்கு? என்ன ஆகும்னு தெரியுமா?”

“அதுவும் பயந்தானுங்க ஐயா. நெசத்தச் சொன்னா இன்னிக்கு ஒருக்கா பயந்தாப் போதுமுங்க. பொய்யச் சொன்னா, இந்தம்மா மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் பயப்படோணுமுங்க.”

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே அவருடைய ஜீப் நின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் பட்டையாகப் பூசிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. வாடிப்போன மாலையும் இன்னும் தொங்கியது. மீசைக்குள் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. “நீங்க போய் வேலையப் பாருங்கம்மா” என்று பழனியம்மாக்காவை அனுப்பிவிட்டார்.

பழனியம்மாக்கா மேல் ஒரு சொல் வரவில்லை. கெட்டுப்போன ஸ்டிக்கருக்குக் கம்பெனி அபராதம் கட்டியது. முதலாளிக்கு எச்சரிக்கை, எனக்கும் ஒரு மெமோ. லைசென்ஸ் தப்பித்தது. ஸ்டிக்கர் சாருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அதே மலை, அதே செக்போஸ்ட். உத்தரவைப் படித்துவிட்டு, அது எங்கோ எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். நான் ஸ்டோருக்குள் போய் அழுதேன். அந்த மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்!

கிளம்பும் அன்று அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, அடுத்து வந்த அதிகாரியிடம் கொடுத்தார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து முறுக்கு சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். “கம்பெனி ஆளுங்ககிட்ட ஒண்ணும் வாங்கக்கூடாதுங்க, ரூல்சு இருக்குதுங்க” என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எவ்வளவு கெஞ்சியும் தொடவில்லை. பழனியம்மாக்கா விறுவிறுவென்று போனார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த டார்ச் லைட்டில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

“இத ஆரும் லஞ்சம்னு சொல்லமாட்டாங்க. தைரியமாப் போயிட்டு வாங்க.”

அவர் டார்ச்சைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“சுச்சுக்குள்ள எறங்கீராதுங்களே?” என்றார்.

அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த ஆயுத பூஜை காலையில் என் போன் அடித்தது. ஹலோ சொல்வதற்கு முன்பே, “அம்மிணி, பொட்டு பூட்டுக்கு மட்டுந்தானுங்களே?” என்று குரல் வந்தது.

“பூட்டுக்கு மட்டுந்தானுங்க சார். கதவையே தொறக்கல.”

“அதானுங்க நல்லது.”

“அங்க எப்படீங்க இருக்குது? யானை வருதுங்களா?”

“வருதுங்க. முந்தாநேத்துக்கூட வந்துது. செவுத்தோரம் நின்னு மூச்சு உடறது கேக்குது. பயமாத்தானுங்க இருக்குது.”

“அப்ப தூக்கம்?”

“அது வருதுங்க. யானை அக்கட்டப் போன ஒடனே தூங்கிப் போயர்றேன். எப்படின்னே தெரியல அம்மிணி.”

பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த பழனியம்மாக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை என்னிடமிருந்து வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சத்தமாகச் சொன்னார்.

“சார், நாயைக் கட்டியாச்சுங்க. எப்ப வேணாலும் வாங்க.”

லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன்.

“சரிங்க” என்றார்.